பூச்சியம் வேறு, வெறுங்கட்டம் வேறு

காலை எட்டரைக்கு எங்கள் வீட்டில் தையல் மெசின் நின்றுவிடும். தைப்பொங்கலுக்கு முதல்நாள், சட்டை வாங்கிப்போக ஆறு பேர் திண்ணையில் குந்தியிருந்தாலும் சரி, நான் எழும்பி வளவுக்குள் இறங்கி மழைமானியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். ஊருக்கு இது பழகிவிட்டது. "அக்கா மழை அளக்கப் போறா, கொஞ்சம் இரிங்க" என்று முதலில் வந்தவர் அடுத்து வருபவருக்குச் சொல்லிவிடுவார்.

நான் இருப்பது படுவான்கரையில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் எழுவான்கரையில் சனமும் கடைகளும் நெருக்கம். இந்தப் பக்கம் வயலும் குளமும்தான். அதற்குப் பின்னால் காடு, காட்டுக்குப் பின்னால் மலைநாடு. மழை கழுவிவிட்ட காலையில் குளக்கட்டில் ஏறி நின்றால் தூரத்தில் குடும்பிமலை தெரியும். அதற்கும் அப்பால் இருக்கும் பெரிய மலைகள் கண்ணுக்கு எட்டாது. ஆனால் எங்களுக்கு மழை எப்போது வரும், எப்போது வராது என்பதில் பாதியை அந்த மலைகள்தான் முடிவு செய்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாமா.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. ஒரு குளத்தில் நீர்ப்பாசன வேலை பார்த்தவர். குளத்து மதகான துருசைத் திறப்பது, பூட்டுவது, குளக்கட்டில் எலி வளை விழுந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் வான்கதவுக்குக் கிறீஸ் போடுவது, இவற்றோடு தினமும் காலையில் மழை அளந்து எழுதுவதும் அவர் வேலை. 1986இல் தொடங்கினார். மாத முடிவில் படிவத்தை நிரப்பி அலுவலகத்துக்கு அனுப்புவார். அதே எண்களை வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பியிலும் எழுதி வைப்பார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தன் காசில் ஒரு மழைமானி வாங்கி வளவின் நடுவில் நட்டார். நட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்ற முருங்கையை வெட்டவேண்டும் என்றார். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றோடு சாய்ந்து வரும் மழையை மரம் பிடித்துவிடும் என்பது கணக்கு. மாமி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நல்ல காய்ப்பு முருங்கை அது.

அவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது கொப்பியை என்னிடம் தந்தார். தன் மகனிடம் கொடுக்கவில்லை. "மகள், அரை இஞ்சி பிழைச்சாலும் சட்டை இறுகும் எண்டு தெரிஞ்ச ஆள் நீதான். இத நீ பார்" என்றார். அளவு எடுப்பது எனக்குத் தொழில். ஆனால் மழையை அளப்பதற்கு வேறு ஒரு பொறுமை வேண்டும் என்பதை அவரிடம்தான் படித்தேன்.

எங்கள் மழைமானியின் வாய் ஐந்து இஞ்சி அகலம். விளிம்பு நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கும். உள்ளே ஒரு புனல், புனலுக்குக் கீழே போத்தல். போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட ஒடுக்கமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மட்டமான பலகையில் வைத்து, குனிந்து, தண்ணீரின் மேற்பரப்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீர் கண்ணாடியோரத்தில் சற்று ஏறி நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. நின்றபடி மேலிருந்து பார்த்தால் எண் பிழைக்கும். ஒருமுறை அந்தக் குழாய் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. புதியது வரும்வரை மூன்று கிழமை, பிள்ளைகளுக்குப் பாணி மருந்து ஊற்றும் அளவுக் கோப்பையில் அளந்தேன். ஐந்து இஞ்சி வாயில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் போத்தலில் 12.7 மில்லிலீற்றர் தண்ணீர் சேரும். ஆகவே 380 மில்லிலீற்றர் இருந்தால் மழை 30 மில்லிமீற்றர். வாய் அகலம் தெரிந்தால் எந்தக் கோப்பையாலும் மழையை அளக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மில்லிமீற்றர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வயலைக் காட்டித்தான் சொல்வேன். ஓர் ஏக்கர் வயலில் 1 மில்லிமீற்றர் பெய்தால் 4047 லீற்றர் தண்ணீர். கோடையில் ஊருக்குள் குடிதண்ணீர் கொண்டுவரும் நாலாயிரம் லீற்றர் பவுசர் ஒன்று அப்படியே அந்த ஏக்கரில் கவிழ்ந்ததாக நினையுங்கள். 100 மில்லிமீற்றர் என்றால் நூறு பவுசர், ஒரே நாளில், ஒவ்வோர் ஏக்கரிலும்.

இனி எட்டரை மணி. இது மாமா தன் வசதிக்கு வைத்த நேரம் இல்லை. எட்டரை என்பது கிறீன்விச் நேரத்தில் அதிகாலை மூன்று மணி. மட்டக்களப்பு நகரத்து வானிலை நிலையத்தில், நுவரெலியாவில், பதுளையில் எல்லாம் இந்த நேரத்தில்தான் முந்திய இருபத்துநாலு மணித்தியாலத்து மழையைப் பார்க்கிறார்கள். மட்டக்களப்பு நிலையத்துக்கு உலகக் கணக்கில் 43436 என்று ஓர் இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தின் கீழ் போகும் எண்களை உலகின் எந்த மூலையிலும் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் வளவுக்கு இலக்கம் கிடையாது. ஆனாலும் அதே நேரத்தில் பார்த்தால்தான் எங்கள் எண்ணை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.

மாமா எனக்குத் தந்த முதல் பாடம் மழை பெய்யாத நாளைப் பற்றியது. ஆடி மாதம், வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. நான் மெசினில் இருந்தபடியே கொப்பியை எடுத்து 0.0 என்று எழுதினேன். திண்ணையில் இருந்தவர் பார்த்துவிட்டார்.

"போய்ப் பாத்தியா?"

"வானம் வெளிச்சுக் கிடக்கு மாமா."

"வானத்தப் பாத்து எழுதிறதுக்குக் கொப்பி எதுக்கு? போய்ப் பாத்திட்டு எழுது. போகாட்டி எழுதாத."

போனேன். போத்தலில் தண்ணீர் இல்லைதான். புனலுக்குள் வேப்பஞ்சருகு ஒன்று அடைத்துக் கிடந்தது, அதன்கீழ் எறும்பு முட்டையிட்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அடுத்த மழையின் பாதி புனலிலேயே நின்று வற்றியிருக்கும். அன்றிலிருந்து நான் பார்க்காமல் ஒரு பூச்சியமும் எழுதியதில்லை. போத்தல் நனைந்திருக்கிறது, ஆனால் அளக்கும்படி ஒன்றும் இல்லை என்றால் மாமா "தூறல்" என்று எழுதுவார். நானும் அப்படியே. ஊருக்குப் போயிருந்தோ காய்ச்சலில் கிடந்தோ பார்க்க ஆளில்லாமல் போனால் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். பூச்சியம் என்றால் பார்த்தேன், மழை இல்லை. வெறுங்கட்டம் என்றால் பார்க்கவில்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

எங்கள் கொப்பியில் பூச்சியங்கள் வரிசையாக நிற்பது கச்சான் காலத்தில். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று எங்கள் பக்கத்தவர் எல்லாருக்கும் தெரியும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் அப்பளம் போல் மொறுமொறுக்கும். இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். நூல்கூட மெசினில் அறுந்துகொண்டே இருக்கும். அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதும் இந்தக் காலத்தில்தான்.

கிழக்கு நோக்கி அடிக்கும் இந்தக் காற்று உண்மையில் மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று. இந்து சமுத்திரத்தில் தண்ணீரை முகந்துகொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மலைநாடு குறுக்கே மறிக்கிறது. காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, முகிலாகி, அந்தப் பக்கச் சரிவிலேயே பெய்து தீர்க்கிறது. வட்டவளைப் பக்கம் ஒரு வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரக்காற்று ஏறும்போது ஒரு கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிரும். ஏனென்றால் நீராவி துளியாக மாறும்போது தன் சூட்டைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் மழையை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் சரிந்து இறங்கும் உலர்ந்த காற்று ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட பத்துப் பாகை சூடேறும். ஏறின கணக்கும் இறங்கின கணக்கும் ஒன்றாக இல்லை. மிஞ்சின சூடு எங்கள் முற்றத்தில் வந்து விழுகிறது. அதே காற்று, அதே கிழமை, அந்தப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை, இந்தப் பக்கம் பவுசருக்கு வரிசை.

பிறகு ஐப்பசியில் எல்லாம் புரளும். இடைப்பருவத்து இடிமழை, அதன்பின் மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மாரி. இப்போது மலைநாட்டின் கிழக்குச் சரிவுதான் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பக்கம் அடித்து ஊற்றும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கல்லோயா, முந்தேனி ஆறு, மாதுறு ஓயா எல்லாம் கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. எங்கள் ஊரில் வெயில் எறித்து, நெல்லைக்கூடக் காயப்போடலாம் போல் இருக்கும் நாளில் மகாஓயாப் பக்கத்து மழை இரண்டாம் நாள் வந்து வயல்வட்டையை மூடிவிடும். ஆகவே எங்கள் வளவு மழைமானி எங்கள் வெள்ளத்தில் ஒரு துண்டைத்தான் சொல்லும். மற்றத் துண்டு மலையில், நான் ஒருநாளும் காணாத யாரோ ஒருவர் காலை எட்டரைக்குக் குனிந்து பார்க்கும் குழாயில் இருக்கிறது.

வானிலை எதிர்வுகூறலில் "கிழக்கு, ஊவா மாகாணங்களில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல்" என்று வரும்போது ஊரில் கோபப்படுவார்கள். எந்த இடம் என்று சொல்லக்கூடாதா என்று கேட்பார்கள். நானும் முன்பு அப்படித்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த என் மகள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். கணினியில் வானத்தைக் கணக்கிடும்போது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். உலகத்தில் மிகத் திறமானது என்று பேசப்படும் ஐரோப்பிய வானிலை மையத்தின் கணக்கில்கூட ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பிதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர். ஆனால் அந்த ஒன்பது கிலோமீற்றருக்குள் உச்சியும் இருக்கிறது, பள்ளத்தாக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மலை பணிந்துவிடும்.

நான் மேசையில் கிடந்த தடித்த போர்வைத் துணியை எடுத்துக் கத்தரிக்கோல், நூல்கட்டை எல்லாவற்றின் மேலும் போட்டேன். மேடு தெரிந்தது, ஆனால் கத்தரிக்கோல் எது, நூல்கட்டை எது என்று தெரியவில்லை. "அதுதான் அம்மா" என்றாள். மெல்லிய துணி வேண்டும் என்றால் கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினாலும் அது சரியா பிழையா என்று ஒத்துப் பார்க்க, அந்த மடிப்புகளுக்குள் எல்லாம் மழைமானிகள் இருக்கவேண்டும். சின்னத் தீவு, நடுவில் மலை, ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மழைக்காலம். இந்த நாட்டில் வானிலை சொல்பவர்களின் வேலை லேசானது இல்லை. அவர்களைத் திட்டுவதைவிட அவர்களுக்கு எண் கொடுப்பது நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.

எண் எப்படி உயிரோடு சம்பந்தப்படுகிறது என்பதற்கு மலைநாட்டையே பார்க்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் வெளிக்கிடத் தயாராகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 தாண்டினால், எழும்பிப் போய்விடுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பக்கத்தில் மழைமானி இருந்து, அதை இரவில் டோர்ச் அடித்துப் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் அந்த எண் அங்கேயே கிடைக்கும். பத்துக் கிலோமீற்றர் தள்ளி, மலையின் மறுபக்கம் இருக்கும் மானி அதைச் சொல்லாது.

2025 கார்த்திகை முடிவில் டித்வா புயல் வந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பெயர் யேமன் நாடு கொடுத்தது. சொக்கோத்ராத் தீவில் உள்ள ஒரு களப்பின் பெயராம். வாவிக்கரையில் பிறந்தவளுக்கு அது ஒருமாதிரி இருந்தது. புயல் எங்கள் கிழக்குக் கரையில்தான் ஏறியது. எங்களுக்கும் வெள்ளம், மின்சாரம் இல்லை, பாதைகள் அடைபட்டன. ஆனால் சாவு கூடுதலாக விழுந்தது மலையில். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளைப் பக்கங்களில் மண் சரிந்து வீட்டோடு ஆட்கள் போனார்கள். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல். அந்த இரவுகளில் போத்தல் நிரம்பி வழிந்துவிடக்கூடாது என்று நான் ஒருமுறைக்கு மூன்றுமுறை குடையோடு போய் அளந்து ஊற்றிவிட்டு வந்தேன். இடையில் அளந்ததை எல்லாம் கூட்டித்தான் காலையில் எழுதவேண்டும். குளம் உடைத்துவிட்டது என்று வட்ஸ்அப்பில் யாரோ ஒருவரின் குரல் சுற்றியது. பத்துப் பேராவது எனக்குப் போன் எடுத்திருப்பார்கள். மாமாவோடு வேலைசெய்தவரின் மகன் குளக்கட்டில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்துச் சொன்னதை நான் அப்படியே எல்லாருக்கும் சொன்னேன். வான் பாய்கிறது, கட்டு நிற்கிறது.

மாமா இருந்திருந்தால் 78ஐச் சொல்லியிருப்பார். 1978 நவம்பர் 23, எங்கள் பக்கத்தில் வயதான எவரிடமும் "சூறாவளி" என்றால் அந்த ஒன்றுதான். 900 பேருக்கு மேல் செத்தார்கள். தென்னை எல்லாம் ஒரே இரவில் முறிந்தும் வேரோடு பிடுங்கியும் விழுந்தன. அப்போது மாமா இளந்தாரி. காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்ததாம். கூரை போய்விட்டது. பிறகு திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. இலை அசையவில்லை. முடிந்துவிட்டது என்று சனம் வெளியே வந்து ஆளை ஆள் தேடியிருக்கிறார்கள். அவருடைய அப்பா மட்டும், "உள்ளுக்கு வாங்க, காத்துக் கிறுகி வரும்" என்று கத்தியிருக்கிறார். கிறுகித்தான் வந்தது, இந்தமுறை தெற்கிலிருந்து. அது புயலின் கண் என்று பின்னாளில் மாமா வாசித்துத் தெரிந்துகொண்டார். புயலின் நடுப்பகுதி நேராக மேலே வந்தால் முன்பாதிக் காற்று ஒரு பக்கமும் பின்பாதிக் காற்று மறுபக்கமும் அடிக்கும். கிழவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று மாமா கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தார். மழை எழுதும் வேலையில் அவருக்கு அவ்வளவு பற்று வந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சரி, வெறுங்கட்டத்துக்கு வருகிறேன்.

2019. மகள் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒரு ஒப்படைக்காகக் கிழக்கின் மழைவீழ்ச்சிக் கணக்குகளை ஓர் அலுவலகத்திலிருந்து வாங்கியிருந்தாள். எக்செல் கோப்பு. அதில் மாமா வேலை செய்த குளத்தின் பெயர் இருந்தது. சந்தோஷத்தில் மடிக்கணினியைத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாத்தா எழுதிய எண்கள் ஆண்டு ஆண்டாகக் கீழே இறங்கிப் போவதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவருக்குக் கண் தெரியாது, ஆனால் சில நாட்களை நினைவில் வைத்திருந்தார். "அது பெரிய மழை" என்பார். பிறகு அவள் வரைபடம் போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்:

"தாத்தா, 2007இல் இங்க பெரிய வரட்சியா? பங்குனியில இருந்து மூண்டு மாசம் ஒரு சொட்டு மழை இல்லையே."

அவர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். 0, 0, 0, 0. கீழே கீழே 0.

2007 பங்குனியில் நாங்கள் ஊரில் இல்லை. படுவான்கரை முழுக்க எழும்பி வாவியைக் கடந்து போன மாதம் அது. யுத்தத்தில் செல் விழத் தொடங்கியபோது மகளுக்கு எட்டு வயது. கையில் அகப்பட்டதோடு போனோம். மாமா கொப்பிகளைச் சாரத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். மூன்று மாதம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். சித்திரையில் பின்னேரத்து இடிமழை பெய்தது. தறப்பாள் பள்ளத்தில் தண்ணீர் தேங்கித் தொங்கும், தடியால் குத்தித் தூக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் கிழிந்து தலையில் கொட்டும். மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அவளுக்கே அது நினைவிருக்கிறது. ஆனால் அந்த மழையும் இந்தக் கோப்பில் இருக்கும் பூச்சியமும் ஒரே நாட்கள் என்று அவளுக்கு உடனே பொருந்தவில்லை.

"கொப்பிய எடு" என்றார் மாமா.

2007 கொப்பியில் அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். கடைசி நாள்வரை நீலப் பேனையால் எண்கள். அதன்பின் கட்டங்கள் வெறுமை. வெறுமையான கட்டங்களின் மேல் மேலிருந்து கீழே ஒரே கோடு, பக்கம் பக்கமாக. கோட்டின் ஓரத்தில் "ஊரில் ஆளில்லை" என்று சின்ன எழுத்து. திரும்பி வந்த நாளில் கறுத்தப் பேனையால் மறுபடி எண். 1990 கொப்பியிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. அது இதைவிட நீளம். இரண்டையும் அவர் திரும்பி வந்த பிறகே போட்டார். முகாமில் பெய்த மழையை மதிப்பாகப் பார்த்து அந்தக் கட்டங்களில் எழுதியிருக்கலாமே என்று அப்போது நான் கேட்டேன். "அங்க பெஞ்சது அங்கத்த மழை" என்றார்.

யாரோ ஒரு பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்து நூற்றுக்கணக்கான படிவங்களைத் தட்டியிருக்கும். வெறுங்கட்டம் வந்த இடத்தில் 0 போட்டிருக்கும். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை; வெறுமையாக இருந்தால் மழை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். ஊரில் ஆளில்லாத மூன்று மாதம், மழையில்லாத மூன்று மாதமாக மாறிவிட்டது. வரட்சியான நாட்களை எண்ணுபவர் அதையும் சேர்த்து எண்ணுவார். காலநிலையின் சராசரி என்று முப்பது வருடத்துக்குத்தான் எடுப்பார்கள், இப்போது 1991 முதல் 2020 வரை. அந்த முப்பதுக்குள் 2007உம் இருக்கிறது. அந்தச் சராசரியை வைத்து, குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கர் சிறுபோகத்துக்குக் காணும் என்று ஒருவர் முடிவெடுப்பார். எங்கள் இடப்பெயர்வு வரட்சி என்ற பெயரில் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

கொப்பிப் பக்கங்களைப் போட்டோப்பிரதி எடுத்து, ஒரு கடிதமும் எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பினோம். நாலு மாதம் பதில் இல்லை. மறுபடி எழுதினோம். பிறகு ஓர் உத்தியோகத்தர், இளம் குரல், போன் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "பிழை விளங்குது. அப்ப அந்த இடத்தில என்ன போடுறது?" என்று கேட்டார். போனை மாமாவின் காதில் வைத்தேன்.

"ஒண்டும் போடாதீங்க தம்பி."

கணினிக்கு ஒன்றும் போடாமல் விட்டால் சில நேரம் அது தானாகப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளுமாம். அதற்காக -99.9 என்று போடுவார்கள், அப்படி ஒரு மழை உலகத்தில் இருக்க முடியாது என்பதால் பார்க்கிறவருக்கு இது காணாத நாள் என்று தெரியும் என்று மகள் சொன்னாள். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு மூன்று தரம் திருப்பிக் கேட்டார். அடுத்த வருடம் வாங்கிய கோப்பில் 2007 சரியாக இருந்தது. 1990 இன்னும் பூச்சியமாகவே கிடந்தது. அதற்கும் எழுதியிருக்கிறோம். மாமா 2021இல் போய்விட்டார். அந்த வாரத்திலும் கொப்பியில் வெறுங்கட்டம் இல்லை. செத்தவீட்டுச் சனத்துக்கு இடையில் எட்டரைக்கு எழும்பிப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. போன வருடம் கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போயிருந்தோம். பேரப்பிள்ளைக்குத் தாள்சுருளில் கச்சான் வாங்கினேன், காற்று இல்லை, நிலக்கடலை. கச்சான் தின்று முடிந்து சுருளைப் பிரித்தால், கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் திகதி, வலப்பக்கம் எண்கள். தலைப்பில் "மழை மி.மீ." என்று கையெழுத்து. ஐப்பசியின் பாதி. 7ஆம் திகதிக்கு 41.2, 8ஆம் திகதிக்கு 0.0, 9ஆம் திகதிக்கு 3.6. ஆண்டு எழுதிய மூலை கிழிந்துபோயிருந்தது. எந்தக் குளம் என்றும் இல்லை. கச்சான்காரரிடம் ஓடினேன். பழைய தாள்களை நிறுத்து வாங்கினதாகச் சொன்னார், மிச்சம் இருந்த தாள்களில் மழைத்தாள் வேறு இல்லை. அந்த ஒரு தாள் இப்போது என் கொப்பிக்குள் இருக்கிறது. 41.2 மில்லிமீற்றர் ஒருவர் குனிந்து நின்று பார்த்த மழை. எந்த ஊர் வயலில் விழுந்தது, எந்த வருடம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை குளங்கள். உறுகாமம், உன்னிச்சை, நவகிரி, வாகனேரி, அங்கால் இங்கினியாகலை. அவற்றில் வேலை செய்தவர்களின் வீடுகளில், பள்ளிக்கூடத்து அலுமாரிகளில், பரண்களில் இப்படிக் கொப்பிகள் கிடக்கும். வீடு துப்புரவாக்கும்போது அவற்றை நிறுத்து விற்றுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும், நானும் மகளும் இருந்து தட்டுகிறோம். கறையான் அரித்த பக்கம் என்றாலும் அனுப்புங்கள். வெறுங்கட்டம் இருந்தால் அப்படியே விடுங்கள், ஏன் வெறுமை என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதை மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அட்டையைக் கிழித்து எறியாதீர்கள். ஆண்டும் குளத்தின் பெயரும் அதில்தான் இருக்கும்.